கழுத்தைத் திருப்ப முடியாத பேட்மேன்: சூப்பர்ஹீரோ உடை அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1989இல் வந்த 'பேட்மேன்' படத்தை மறுபடி பார்க்க வாய்த்தால் கதையை விட்டுவிட்டு மைக்கேல் கீட்டனின் கழுத்தை மட்டும் கவனியுங்கள். பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க அவர் முகத்தைத் திருப்புவதில்லை. இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு முழுவதும் ஒரே கட்டையாகத் திரும்பும். பாப் ரிங்வுட் வடிவமைத்த அந்த உடையில் முகமூடி, கழுத்தை மூடிக்கொண்டு தோள்வரை இறங்கும் ஃபோம் லேடெக்ஸ் (ரப்பர் நுரை) வார்ப்பாக இருந்தது. தலையைத் தனியாகத் திருப்ப வழியில்லை. உள்ளே காதும் சரியாகக் கேட்காது. கீட்டன் அந்த இறுக்கத்தையே நடிப்பாக்கிக்கொண்டார். அசையாமல் நின்று, வேண்டியபோது மட்டும் மொத்தமாகத் திரும்பும் பேட்மேன் அப்படித்தான் பிறந்தான்.

19 ஆண்டுகள் கழித்து, 2008இல் வந்த 'தி டார்க் நைட்' படத்தில் பேட்மேனான புரூஸ் வெய்ன் தனக்கு உடை செய்துகொடுக்கும் லூசியஸ் ஃபாக்ஸிடம், தலையைத் திருப்ப முடிய வேண்டும் என்று கேட்கிறான். காரைப் பின்னால் எடுக்க உதவும் என்று கிண்டலாகப் பதில் வருகிறது. ஆடைப் பிரிவினர் ஆண்டுக்கணக்கில் பட்ட பாட்டை இரண்டு வரி வசனமாக்கிவிட்டார்கள்.

நான் பெரிய படங்களில் வேலை செய்தவன் அல்ல. குறும்படங்களுக்கும் கல்லூரி மேடைகளுக்கும் உடை அமைத்துக் கொடுப்பவன். சென்னையில் ஒரு சிறிய தையல் கடையின் பின்னறையில், கட்டிங் மாஸ்டரின் மேசைக்கு எதிரே நின்று கற்றுக்கொண்டவற்றையும், பெரிய படங்களின் உடைகளைப் பார்த்தும் படித்தும் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்து இதை எழுதுகிறேன். குறும்படம் எடுப்பவர்கள், ஆடை வடிவமைப்பு மாணவர்கள், விழாக்களுக்கு வேடம் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் உதவும். தைக்கிற எண்ணமே இல்லாதவர்கள், அடுத்த முறை படம் பார்க்கும்போது எங்கே கண்ணை வைக்கலாம் என்று தெரிந்துகொள்ளலாம்.

முதல் படி: யாருக்கு வசதி என்று எழுதி வையுங்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் கதாபாத்திரத்துக்குத் தேவையானவை: குண்டு துளைக்கக்கூடாது, இருட்டில் மறைய வேண்டும், சுவரேற வேண்டும். வலது பக்கம் நடிகருக்குத் தேவையானவை: கழுத்து திரும்ப வேண்டும், மூச்சு விட வேண்டும், பன்னிரண்டு மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும், சிறுநீர் கழிக்கப் போய்வர வேண்டும்.

சூப்பர்ஹீரோ உடையின் 'நடைமுறைத்தன்மை' பற்றி நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் கலந்துகட்டுவதால் வருபவை. இடது பக்கத்தில் உள்ள எதுவும் உண்மையில் நடக்கப்போவதில்லை. யாரும் நிஜக் குண்டு சுடப்போவதில்லை. ஆகவே அந்தப் பக்கத்துத் தேவைகள் பார்ப்பவர் நம்பினால் போதும். வலது பக்கம் அப்படி இல்லை. அங்கே ஏமாற்ற முடியாது.

2000இல் வந்த 'எக்ஸ்-மென்' இதற்கு நல்ல பாடம். காமிக்ஸில் வண்ணவண்ணமாக இருந்தவர்களுக்குக் கறுப்புத் தோல் உடை கொடுத்தார்கள். உடையைப் பார்த்து வுல்வரின் முகம் சுளிக்க, மஞ்சள் ஸ்பாண்டெக்ஸ் (உடலோடு ஒட்டி நீளும் துணி) வேண்டுமா என்று அவனிடம் நக்கலாகக் கேட்பார்கள். பார்ப்பவர்களும் 'ஆமாம், இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்' என்று தலையாட்டினார்கள். என்னைக் கேட்டால், குதித்துச் சண்டை போடுகிறவனுக்குத் தோலைவிட மோசமான துணி கிடையாது. கனமாக இருக்கும், காற்று புகாது, நடந்தால் கிறீச்சிடும், ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொள்வார். அன்றைய நாகரிகம் கறுப்புத் தோல். அதற்கு நடைமுறை என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். 2024இல் 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' படத்தில் ஹியூ ஜாக்மேன் அதே மஞ்சள் உடையைப் போட்டுக்கொண்டு வந்தார். அதைத்தான் ரசிகர்கள் அத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் படி: சிரிப்பார்களே என்று எதையும் வெட்டாதீர்கள்

சூப்பர்மேன் ஜட்டியை வெளியே போட்டிருக்கிறான் என்ற நகைச்சுவை எல்லா ஊரிலும் உண்டு. அது ஏன் அங்கே வந்தது என்று பார்த்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். 1938இல் அந்தப் பாத்திரம் அச்சில் வந்தபோது, பலசாலி என்றால் மக்கள் மனத்தில் நின்ற உருவம் சர்க்கஸ் பயில்வான். இறுக்கமான முழுக்கால் உடை, அதன்மேல் ஒரு அரைக்கால் உடை, இடுப்பில் பெல்ட். இறுக்கமான துணி எதையெல்லாம் காட்டிக்கொடுக்குமோ அதை மறைக்கத்தான் அந்த மேல் உடை. படத்துக்கும் அது ஒரு வேலை செய்கிறது: கழுத்திலிருந்து கால்வரை நீளும் நீலத்தை நடுவில் ஒரு சிவப்புப் பட்டை உடைக்காவிட்டால் உடம்பு ஒரே குழாயாகத் தெரியும்.

2013இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' அந்தச் சிவப்பை எடுத்துவிட்டது. உடல் முழுவதும் உலோகச் சங்கிலிவலை போன்ற புடைப்பு, மங்கிய நீலம். பார்க்க மிடுக்காகத்தான் இருந்தது. ஆனால் இடுப்புப் பகுதியில் கண்ணுக்கு ஒரு பிடி வேண்டுமே என்று, அங்கே வளைந்து வளைந்து போகும் கோடுகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. 2025 'சூப்பர்மேன்' படத்தில் ஜூடியானா மகோவ்ஸ்கி வடிவமைத்த உடையில் சிவப்பு திரும்பி வந்தது. அதற்கு நடிகர் டேவிட் கோரன்ஸ்வெட் சொன்ன காரணத்தை இயக்குநர் ஜேம்ஸ் கன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: கண்ணிலிருந்து நெருப்புக் கதிர் விடக்கூடிய ஒரு வேற்றுக்கிரகவாசி, தன்னைக் கண்டு குழந்தைகள் பயப்படக்கூடாது என்று நினைத்தால் இப்படித்தானே உடுத்துவான்?

இடது பக்கப் பட்டியலில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'குழந்தை பயப்படக்கூடாது' என்பதும் ஒரு நடைமுறைத் தேவைதான்.

மூன்றாம் படி: கறுப்பாக வரையுங்கள்

வண்ணம் தீட்டுவதற்கு முன் உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் வரைந்து உள்ளே கறுப்பு அடியுங்கள். அதை மூன்று மீட்டர் தள்ளி ஒட்டிவைத்து, தெரியாத ஒருவரை அழைத்து 'இது யார்?' என்று கேளுங்கள். பேட்மேனுக்கு இரண்டு காது போதும். உங்கள் நாயகனுக்கு என்ன? தோளா, மேலங்கியா, கையுறையின் விளிம்பா? ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் பெரிதாக்குங்கள். மூன்றைப் பெரிதாக்கினால் தீபாவளி மாறுவேடப் போட்டி ஆகிவிடும்.

நான்காம் படி: உட்காரவைத்து அளவெடுங்கள்

இதில்தான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். ஒரு குறும்படத்துக்கு உடலோடு ஒட்டிய நீல உடை. நடிகனை நிமிர்ந்து நிற்கவைத்து, மார்பு, இடுப்பு, தொடை, கைநீளம் என்று பதினெட்டு அளவுகள் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தைத்து வந்த உடை கச்சிதமாக இருந்தது. படப்பிடிப்பில் முதல் காட்சி, கூரையிலிருந்து குதித்து ஒரு முழங்காலில் ஊன்றி இறங்குவது. குதித்தான், ஊன்றினான், கவட்டுத் தையல் முன்னும் பின்னுமாக ஒரு சாண் பிரிந்துவிட்டது. மாஸ்டர் உடையைக் கையில் வாங்கிப் பிரிந்த இடத்தை விரலால் தடவிவிட்டுக் கேட்டார்: "அளவெடுக்கும்போது அவனை ஒரு தடவையாவது உட்காரச் சொன்னாயா தம்பி?"

திரைக்கதையை எடுத்துக்கொண்டு நடிகர் செய்யப்போகும் அசைவுகளை வரிசையாக எழுதுங்கள். ஓடுவது, குந்துவது, இரு கையையும் தலைக்கு மேல் தூக்குவது, பைக் ஓட்டுவது. பிறகு ஒவ்வொரு அளவையும் நிற்கும்போது ஒருமுறை, அந்த அசைவின் உச்சத்தில் ஒருமுறை என்று எடுங்கள். மிக முக்கியமான அளவு ஒன்று உண்டு: பின்கழுத்து எலும்பிலிருந்து முதுகு வழியாக இறங்கி, கவட்டைச் சுற்றி, வயிறு மார்பு வழியாக முன்கழுத்துவரை. ஒரே துண்டாகத் தைக்கும் உடைக்கு இதுதான் உயிர். குந்தும்போது முதுகுப் பக்கம் கணிசமாக நீளும், வயிற்றுப் பக்கம் சுருங்கும். துணியின் நீட்சி அதைத் தாங்காது என்றால் முதுகின் கீழ்ப்பகுதியில் நீளும் துணியில் தனியாக ஒரு பட்டை வைக்க வேண்டும்.

அக்குள் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கை நன்றாக அசைய அக்குளைத் தாராளமாக இறக்கி வெட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேர் எதிர். அக்குள் வெட்டு கீழே இறங்கினால், கையைத் தூக்கும்போது பக்கவாட்டுத் துணி முழுவதும் கூடவே மேலே இழுபடும். மார்பில் இருக்கும் சின்னம் கழுத்துக்கு ஏறும். வெட்டு உயரமாக, உடலை ஒட்டி இருந்தால் கை மட்டும் தூக்கும், உடை இருந்த இடத்திலேயே இருக்கும். அக்குளுக்கு அடியில் வைர வடிவத்தில் ஒரு நீளும் துணித்துண்டு சேர்த்துவிட்டால் பிரச்சினையே இல்லை. கேமராவுக்குத் தெரியாத இடம் அது. அதே நிறத்தில் துணி கிடைக்காவிட்டாலும் குடி முழுகாது.

கவசம் போன்ற உடை என்றால் வழி வேறு. 2008 பேட்மேன் உடையை ஆடை வடிவமைப்பாளர் லிண்டி ஹெமிங்கின் குழுவினர் ஒரே வார்ப்பாகச் செய்யவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தனித் துண்டுகளை, உடலோடு ஒட்டிய ஒரு வலைத்துணிமேல் பொருத்தினார்கள். துண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் உடம்பு மடங்கும். முகமூடியை மோட்டார்சைக்கிள் ஹெல்மெட் போலக் கழுத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். கழுத்து திரும்பியது. கூடவே ஒன்று நடந்தது: அந்தப் பிரிந்த துண்டுகளே புதிய தோற்றமாகிவிட்டன. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ நாயகர்களின் உடையில் தேவை இருக்கிறதோ இல்லையோ, கோடுகளும் பலகைகளுமாக நிறைந்து கிடப்பதைப் பார்க்கலாம். வலது பக்கத் தேவைக்காகக் கண்டுபிடித்த ஒன்று இடது பக்க அலங்காரமாக மாறிவிட்டது. அந்தக் கோடுகளைக் காப்பியடிக்கும் முன், உங்கள் நடிகர் உண்மையில் எங்கே மடங்குகிறார் என்று பாருங்கள். அங்கே மட்டும் கோடு போடுங்கள்.

ஐந்தாம் படி: துணியைக் கடையில் தேர்ந்தெடுக்காதீர்கள், வெளிச்சத்தில் தேர்ந்தெடுங்கள்

லைக்ரா கலந்த துணி மலிவு, நீளும், வியர்வை காயும். ஆனால் அதை அப்படியே போட்டால் திரையில் நீச்சல் உடை போலத் தட்டையாக இருக்கும். பெரிய படங்களில் செய்வது என்னவென்றால், அதன்மேல் நுண்ணிய வடிவங்களைப் புடைப்பாக அச்சிடுவது. 2018 'பிளாக் பாந்தர்' படத்தில் ரூத் கார்ட்டர் செய்ததைப் பாருங்கள். எட்ட நின்றால் நாயகன் டிசல்லாவின் உடை வெறும் கறுப்பு. நெருங்கினால் உடல் முழுவதும் சிறு சிறு முக்கோணங்கள். அந்த முக்கோணத்தை அவர் ஆப்பிரிக்கக் கலைகளிலிருந்து எடுத்தார். வெளிச்சம் அந்தப் புடைப்பில் பட்டு ஒதுங்குவதால் தசையின் வளைவு தெரிகிறது. கூடவே இவன் எந்த மண்ணின் அரசன் என்பதும் தெரிகிறது. அந்தப் படத்துக்காக ஆடை வடிவமைப்பில் ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினப் பெண் ஆனார்.

நம் கையிலிருக்கும் காசுக்கு, துணிக்கடையில் கிடைக்கும் புடைப்பு அச்சு மையும் ஒரு வலைச்சட்டமும் போதும். அரை மீட்டரில் அச்சடித்து, கையில் இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது மை வெடித்தால் அந்த மை வேண்டாம். பிறகு துணியை மதிய வெயிலிலும், இரவில் ஒற்றை விளக்கிலும் செல்போனில் படம் எடுத்துப் பாருங்கள். கடையில் ரத்தச் சிவப்பாக இருந்த துணி இரவுக் காட்சியில் கறுப்பாகிவிடும்.

நிறம் விஷயத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 1978 'சூப்பர்மேன்' எடுத்தவர்களுக்கு வந்த தலைவலி: நீலத் திரைக்கு முன்னால் நீல உடை. பின்னணியை அகற்றினால் நாயகனும் சேர்ந்து காணாமல் போவான். அதனால் சில காட்சிகளுக்குப் பச்சை கலந்த வேறொரு நீலத்தில் உடை செய்தார்கள். பறக்கும் காட்சிகள் பலவற்றுக்கு சோரன் பெரிசிக் உருவாக்கிய முன்னிருந்து ஒளிபாய்ச்சும் முறையைப் பயன்படுத்தினார்கள். உங்கள் நாயகன் பச்சை உடை என்றால் பச்சைத்திரை வாடகைக்கு எடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

லேடெக்ஸ் வேண்டும் என்று யாராவது கேட்டால், 1992 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தின் கேட்வுமன் கதையைச் சொல்லுங்கள். மிஷெல் ஃபைஃபர் உள்ளே நுழைய உடம்பெல்லாம் பவுடர் போட வேண்டும், வெளியே பளபளக்க சிலிகான் பூச வேண்டும், எளிதில் கிழியும். படம் முடிவதற்குள் ஏறக்குறைய 60 உடைகள் செய்ததாகச் சொல்வார்கள். வலது பக்கப் பட்டியலின்படி பார்த்தால் படுதோல்வி. ஆனாலும் அதை நான் தள்ளமாட்டேன். கதைப்படி அவள் மனம் உடைந்த இரவில், அலமாரியில் கிடந்த பளபளப்பான கறுப்பு மழைக்கோட்டை வெட்டித் தானே தைத்துக்கொள்கிறாள். அந்த வெள்ளைத் தையல்கள் கோணல்மாணலாக வெளியே தெரிகின்றன. கதை நகர நகர உடை கிழிந்துகொண்டே போகிறது. அவள் உள்ளே எப்படி இருக்கிறாள் என்பதை உடை வெளியே சொல்கிறது. ரிங்வுட்டோடு சேர்ந்து அதை வடிவமைத்த மேரி வோக்ட், பின்னாளில் 2010இல் நம் 'எந்திரன்' படத்துக்கும் உடை வடிவமைத்தார் என்பது பலருக்குத் தெரியாது.

ஆறாம் படி: மேலங்கி

'தி இன்க்ரெடிபிள்ஸ்' படத்தில் எட்னா மோட் என்ற குள்ளமான ஆடை வடிவமைப்பாளர், மேலங்கியே கூடாது என்று அடித்துச் சொல்வாள். விமான எஞ்சினில் சிக்கியவர், மின்தூக்கியில் சிக்கியவர் என்று செத்தவர்களைப் பட்டியலிடுவாள். அவள் சொல்வது முழுக்க உண்மை. ஆனாலும் மேலங்கி இல்லாமல் பறப்பதைக் காட்டிப் பாருங்கள். கயிற்றில் தொங்குவது போலவே இருக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு வேகம், இப்போதுதான் நின்றானா என்பதையெல்லாம் அந்தத் துணிதான் சொல்கிறது.

மேலங்கியைக் கழுத்தில் முடிச்சிடக்கூடாது. மூன்று மீட்டர் துணி காற்றில் இழுக்கும்போது குரல்வளையை நெரிக்கும். உடைக்கு உள்ளே, தோளிலிருந்து அக்குளைச் சுற்றி வரும் பட்டைகளைப் பள்ளிக்கூடப் பை போல மாட்டி, மேலங்கியின் எடையை அவற்றில் இறக்குங்கள். வெளியே தெரிவது அலங்காரக் கொக்கி மட்டும். இணைப்பு வெல்க்ரோவிலோ பிரஸ் பட்டனிலோ இருக்கட்டும். எங்காவது சிக்கினால் மேலங்கி கழன்று வர வேண்டும், ஆள் வரக்கூடாது.

துணி கனமாக இருந்தால் நிற்கும்போது அரச களை. ஓடும்போது ஈரச் சாக்கு. லேசாக இருந்தால் ஓடும்போது அழகு. நிற்கும்போது சுருங்கிய துப்பட்டா. 2005 'பேட்மேன் பிகின்ஸ்' படத்தில் பாராசூட் நைலானை எடுத்து, அதன்மேல் மின்னூட்ட முறையில் நுண்ணிழைகளைத் தூவி ஒட்டவைத்தார்கள். எடை நைலானுடையது, தோற்றம் வெல்வெட்டுடையது. நம்மால் அது முடியாது என்றால் எளிய வழி, இரண்டு மேலங்கி தைப்பது: நிற்க ஒன்று, ஓட ஒன்று. 'மேன் ஆஃப் ஸ்டீல்' பெரும்பாலான காட்சிகளில் மேலங்கியைக் கணினியிலேயே வரைந்துவிட்டது என்பதால் வெட்கப்பட வேண்டியதில்லை. துணியைக் கிராஸில், அதாவது சாய்வாக, வெட்டினால் மடிப்புகள் தண்ணீர்போல விழும். துணி அதிகம் செலவாகும், ஆனால் இந்த ஓர் இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கீழ் விளிம்பில் மெல்லிய மீன்பிடித் தூண்டில் நரம்பை வைத்து மடித்துத் தைத்தால் விளிம்பு விரிந்து நிற்கும்.

நீளம் எவ்வளவு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏழாம் படி: முகமூடியும் கண்களும்

நடிகர்களின் சம்பளம் முகத்துக்குத்தான். அதை மூடுகிறோம் என்பதை மறந்துவிடக்கூடாது. 2002 'ஸ்பைடர்மேன்' முகமூடி துணிபோலத் தெரிந்தாலும், உள்ளே கெட்டியான ஓடு ஒன்று வைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் மூக்கும் தாடையும் துணியில் அழுந்தித் தெரியும். தோற்றம் அருமை. ஆனால் உள்ளே இருப்பவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாது. அதனால்தான் அந்தப் படங்களில் உணர்ச்சி உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் முகமூடி பாதி கிழிந்திருக்கும். 2016 முதல் வந்த ஸ்பைடர்மேனுக்குக் கண்கள் விரிந்து சுருங்கின, காமிக்ஸில் வரைவது போல.

கண்ணை மட்டும் திறந்துவிடும் முகமூடி என்றால், துளைக்கும் கண்ணுக்கும் நடுவே தெரியும் தோலைக் கறுப்பு மையால் மறைக்க வேண்டும். 1989 முதல் வந்த பேட்மேன் படங்களில் இது வழக்கம். ஆனால் 1992 படத்தின் முடிவில் கீட்டன் முகமூடியைக் கிழித்து எடுக்கும் காட்சியை நிறுத்திப் பாருங்கள்: மை மாயமாகிவிட்டிருக்கும். 2022 'தி பேட்மேன்' படத்தில் ராபர்ட் பாட்டின்சன் முகமூடியைக் கழற்றுகிறார்; மை கண்ணைச் சுற்றி வழிந்து கிடக்கிறது, இரண்டு நாள் தூங்காதவன் போல. முப்பது ஆண்டுகளாக ஒளித்துவைத்த தையல்கடை ரகசியத்தைத் திறந்துகாட்டி அதையே முகபாவமாக்கிவிட்டார்கள். என் பார்வையில் இந்த வகைப் படங்களில் வந்த மிகச் சிறந்த உடை முடிவு இது. செலவு ஒரு மை டப்பா.

எட்டாம் படி: பெண்களின் உடைக்கு அதே பட்டியலைப் போடுங்கள்

இடது, வலது என்று கோடு போட்ட பக்கத்தை மறுபடி திறந்து, நாயகியின் பெயரை எழுதி, எல்லாக் கேள்விகளையும் அவளுக்கும் கேளுங்கள். நாயகன் பூட்ஸ் போட்டு ஓடும்போது அவள் மட்டும் ஏன் குதிகாலில் நிற்கிறாள்? மார்புக் கவசம் இரு குவளையாகப் புடைத்திருந்தால், நேராக வரும் குத்து நடுவில் இருக்கும் பள்ளத்தை நோக்கித்தானே வழுக்கிப் போகும்? 2017 'வொண்டர் வுமன்' நல்ல படம், லிண்டி ஹெமிங்கின் வேலையும் நேர்த்தி. அந்த உயர்ந்த அடிப்பாகம் கொண்ட காலணி மட்டும் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. அதற்கு மறுபக்கமாக 'பிளாக் பாந்தர்' படத்தின் டோரா மிலாஜே வீராங்கனைகளை வைத்துப் பாருங்கள். உடல் மூடியிருக்கிறது, சிவப்பு கண்ணைப் பறிக்கிறது, மணிவேலைப்பாடு நெஞ்சில் இறங்குகிறது, ஈட்டியைச் சுழற்ற இடமும் இருக்கிறது.

ஒன்பதாம் படி: ஒன்று போதாது

ஒரே உடையை வைத்துப் படப்பிடிப்புக்குப் போனால் மதியத்துக்குள் மாட்டிக்கொள்வீர்கள். குறைந்தது மூன்று. நெருக்கக் காட்சிக்கு எல்லா வேலைப்பாடும் உள்ள ஒன்று. சண்டைக்கு, உள்ளே முட்டிப் பஞ்சு வைக்கும் அளவுக்குத் தளர்வான ஒன்று. அதில் உலோகத்துக்குப் பதில் ரப்பர். கயிற்றில் தொங்க வேண்டுமென்றால், இடுப்பில் கயிறு வெளியே வரத் துளையுள்ள ஒன்று. மூன்றுக்கும் துணியை ஒரே தானிலிருந்து (துணிச்சுருளிலிருந்து) வாங்குங்கள். அடுத்த வாரம் போனால் அதே நிறம் கிடைக்காது.

உடலும் மாறும். 'வொண்டர் வுமன்' மறுபடப்பிடிப்பின்போது நாயகி கேல் கடோட் கர்ப்பமாக இருந்தார். உடையின் வயிற்றுப் பகுதியை வெட்டி எடுத்துப் பச்சைத் துணி வைத்து, பின்னர் கணினியில் வயிற்றைச் சரிசெய்தார்கள். நமக்குக் கணினி இல்லாவிட்டாலும் உள்தையலில் இரண்டு விரல் துணி விட்டுவைக்கலாம்.

பத்தாம் படி: வெப்பம், தண்ணீர், கழிவறை

இதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். சென்னையில் ஏப்ரலில் படப்பிடிப்பு என்றால் இதைப் பற்றி மட்டும்தான் பேசுவீர்கள். ஜிப் எங்கே வைத்தாலும், நடிகர் வேறு யாரையும் கூப்பிடாமல் சிறுநீர் கழிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். மாலையில் மயங்கி விழுவார். உள்ளே மெல்லிய பருத்தி உடை இரண்டு மூன்று மாற்றாக வைத்திருங்கள். பெரிய படங்களில், பந்தயக் கார் ஓட்டுநர்கள் போடுவதுபோல் குளிர்நீர்க் குழாய் ஓடும் உள்சட்டை போடுவதுண்டு. நமக்கு ஐஸ் பெட்டியும் ஈரத்துண்டும்.

உடுத்தும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். 'எக்ஸ்-மென்' படத்தில் மிஸ்டிக் பாத்திரத்துக்காக ரெபெக்கா ரோமெய்ன் எட்டு மணி நேரத்துக்கும் மேலே நின்றுகொண்டிருக்க வேண்டியிருந்தது, நீல மையும் ஒட்டுத் துண்டுகளுமாக. பின்னாளில் அதே பாத்திரத்தில் நடித்த ஜெனிஃபர் லாரன்ஸுக்குத் தோலில் எரிச்சல் வந்தது. 2014 படத்தில் கழுத்துக்குக் கீழே பெரும்பகுதியை உடலோடு ஒட்டிய உடையாக மாற்றி நேரத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தார்கள். திரையில் வித்தியாசம் கண்டுபிடித்தவர்கள் குறைவு.

பதினோராம் படி: கணினிக்கு எதை விடலாம்

2011 'கிரீன் லான்டர்ன்' படத்தில் உடை முழுவதையும் கணினியில் வரைந்தார்கள். முகம் ஒருவருடையது, உடம்பு யாருடையதோ என்பது போல இருந்தது. ஐந்தாண்டு கழித்து அதே நடிகர் ரயன் ரெனால்ட்ஸ் 'டெட்பூல்' படத்தில் அதைத் தானே கிண்டல் செய்தார். ஆனால் 2019 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தில் காலப்பயணத்துக்குப் போட்ட வெள்ளை உடைகளும் கணினியில் வரைந்தவைதான், பலர் கவனிக்கவில்லை. துணியில் மடிப்பு விழுவதும் அழுக்கு ஏறுவதும் நெருக்கத்தில் தெரியும் காட்சிகளை மட்டும் கையால் தையுங்கள். நம் பட்ஜெட்டில் இந்தப் படியே தேவைப்படாது.

கடைசிப் படி: தெருவில் நடக்கவிடுங்கள்

படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பு, முழு உடையில் நடிகரை ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லுங்கள். உட்காரட்டும், தரையில் படுத்து எழட்டும், ஸ்ட்ரா இல்லாமல் தண்ணீர் குடிக்கட்டும், செருப்பைக் குனிந்து எடுக்கட்டும், இரண்டு மாடி ஏறி இறங்கட்டும். கையில் நோட்டுடன் கூடவே போங்கள்.

அந்த நீல உடைக்காரனுக்குக் கவட்டு சரிசெய்த பிறகு இப்படித்தான் செய்தோம். மாடி ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது சிவப்பு மேலங்கி அவனுக்குப் பின்னால் ஒவ்வொரு படியாக இழுபட்டு வந்தது. நாலாவது படியில் அதன் நுனியை அவனே மிதித்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "வேட்டியை மடித்துக் கட்டுகிற மாதிரி கட்டிக்கொண்டு இறங்கப்பா" என்றார். அவன் அப்படியே மேலங்கியின் இரு நுனியையும் அள்ளி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினான். அன்று மாலை மாஸ்டர் அதை மேசையில் விரித்து, குதிகாலுக்கு மேலே நாலு விரல் வைத்துச் சாக்கட்டியால் கோடு போட்டார். நாலு விரல்தான் கணக்கு.